மலைக்குத்தான், வேறெங்கே?

போன மாதம் இந்தப் பகுதியின் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஜேர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் ஒரு குட்டி உரைநடையைப் பற்றி அதில் நாலு வரி எழுதினேன். 'லயத்தில் இருந்த காலத்தில் எனக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது' என்று ஒரு வசனமும் சேர்த்திருந்தேன். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே வழக்கமான இலக்கணச் சந்தேகங்களை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை முழுக்க இதையே பேசுவோம்.

போன இதழ் கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் தலைப்பு 'மலைக்கு ஒரு சிறு பயணம்'. பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். ஒருவன் ஓசையே இல்லாமல் கத்துகிறான். யாரும் வராவிட்டால் போகட்டும் என்கிறான். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, எனக்கும் யாரும் கெடுதல் செய்யவில்லை, ஆனால் உதவி செய்யத்தான் யாருமில்லை என்கிறான். உடனே, இல்லை, அப்படியும் இல்லை என்று தன்னையே திருத்துகிறான். அப்புறம் திடீரென்று ஓர் ஆசை வருகிறது. இந்த யாருமற்றவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு ஒரு பயணம் போனால் என்ன? எங்கே? மலைக்குத்தான், வேறெங்கே! அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு, கையோடு கை கோத்து, குட்டிக் குட்டி அடி வைத்து நடக்கிறார்கள். எல்லாரும் விருந்துக்குப் போகிற கோட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் காற்று புகுந்து போகிறது. மலையில் தொண்டை திறந்துகொள்கிறது. நாங்கள் பாடாமல் இருப்பதுதான் அதிசயம் என்று முடிக்கிறான்.

டீச்சர், இது கதையா, கவிதையா, இல்லை பெரிய கதை ஒன்றின் துண்டா? வகுப்பில் கேட்டேன். சம்பவம் இல்லாததால் இதைக் கதை என்று சொல்ல முடியாது என்றார் எங்கள் சேர்.
— உயர்தர மாணவி, கொட்டகலை

துண்டா என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. காஃப்கா இளைஞராக இருந்தபோது எழுதிக்கொண்டிருந்த ஒரு நீண்ட கதைக்குள் இருந்த பகுதிதான் இது. அதைத் தனியே எடுத்துத் தலைப்புக் கொடுத்து, 1912 கடைசியில் வெளிவந்த தமது முதல் புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் புத்தகத்தில் இப்படிச் சின்னதும் பெரிதுமாக 18 உரைநடைகள். 800 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். ஆக, துண்டாகப் பிறந்ததை முழுசு என்று எழுதியவரே முடிவு செய்திருக்கிறார். நாமும் அப்படியே வாசிப்போம்.

அவர் பிராக் நகரில் 1883இல் பிறந்தவர். பகலில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை. இயந்திரத்தில் அடிபட்டவர்களின் கோவைகள் அவருடைய மேசைக்கு வரும். அந்த வேலையில் இருந்தபோதுதான் இந்தப் புத்தகம் வந்தது. 1924இல், 40 வயதில் இறந்துபோனார். நம்முடைய ரயில் பாதை பதுளை வரை போய்ச் சேர்ந்ததும் 1924இல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஓர் ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு இப்படி ஒரு முடிச்சுத் தேவைப்படும். உங்களுக்கும் உதவலாம்.

சம்பவம் இல்லை என்று உங்கள் சேர் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த உரைநடையில் ஒரு சொல்லுக்கு ஏதோ நடக்கிறது. அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

'யாருமற்றவர்கள்' என்று தமிழில் போட்டிருந்தீர்கள். யாருமற்றவர் என்றால் உற்றார் உறவினர் இல்லாதவர். அவர் சொல்ல வருவது அதுதானா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மஸ்கெலியா

நீங்கள் பிடித்த இடம் சரி, ஐயா. நான் போட்ட சொல் பிழை.

எனக்கு ஜேர்மன் தெரியாது. பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு ஆங்கிலத் தொகுப்பில்தான் இதை முதலில் வாசித்தேன். உங்கள் கடிதம் வந்ததும், என்னிடம் படித்து இப்போது ஜேர்மனியில் பஸ் ஓட்டுகிற ஒரு பிள்ளையிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். அவன் மூலத்தைத் தேடி எடுத்து, மறுநாள் வேலை முடிந்து எனக்குப் பாடம் எடுத்தான். அங்கே 'நீமாண்ட்' என்று ஒரு சொல். யாருமில்லை என்று பொருள். ஜேர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். இந்தச் சொல் சாதாரணமாக அதில் சேராது, சின்ன எழுத்துத்தான். காஃப்காவும் சின்ன எழுத்தில்தான் எழுதிக்கொண்டு வருகிறார். பயணம் போகலாம் என்ற ஆசை வருகிற இடத்தில் மட்டும் அதே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறார். அதுவரை வெறும் இல்லாமையாக இருந்தது, அந்த இடத்தில் ஓர் ஆளாக எழுந்து நிற்கிறது. பிறகு அதற்குக் கை முளைக்கிறது, கால் முளைக்கிறது, கோட்டும் வருகிறது. சம்பவம் என்று நான் சொன்னது இதைத்தான்.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் 'யாரும்' என்று தொடங்கினால் 'இல்லை' வினையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. வராத அந்த ஆளைப் பெயர்ச்சொல்லாக நிறுத்தி வைக்க ஒரு சொல் நம்மிடம் இல்லை. 'யாருமற்றவர்' என்றால் அவருக்கு யாரும் இல்லை. காஃப்கா சொல்கிறவர்களோ, தாங்களே யாருமில்லை. 'யாருமல்லாதவர்' என்பது கிட்ட வருகிறது. காதுக்குக் கொஞ்சம் கரடாக இருந்தாலும் இனி அதையே போடுகிறேன்.

நான் ஏன் 'அற்றவர்' என்று எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த விகுதி பழகிய விகுதி. 1948இல் இலங்கையில் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பெயர் 'நாடற்றவர்'. அவர் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்களைப் போன்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பந்தம். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்துக் காம்பராவும் நாடற்றவர், தொங்கல் காம்பராவும் நாடற்றவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் என் கையில் பிரஜாவுரிமைக் கடதாசி வந்தது. ஆசிரியர் நியமனம் அதற்கும் பிறகு. மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் சட்டம் வந்தது. அப்பா 1981இலேயே இறந்துவிட்டார்.

அம்மா கொழுந்து எடுக்கிறவர். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'ஆசைப்பட்டு யாராச்சும் மலைக்குப் போவாங்களா' என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?
— வாசகி, லிந்துலை

மகள், அம்மா கேட்டது எனக்கு நன்றாக விளங்குகிறது. நானும் பதினொரு வருஷம் கொழுந்து எடுத்தவள். 'மலைக்குப் போறேன்' என்றால் நமக்கு வேலைக்குப் போவதுதான். பிராக் நகரத்துக் காரியாலயத்தில் இருந்தவருக்கு மலை என்பது வேலை இல்லாத நாளில் போகிற இடம். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த உரைநடையில் வருகிற காற்று அம்மாவுக்குத் தெரிந்த காற்று.

ஜூலை மாதம் எங்கள் பக்கத்தில் காற்றும் மழையும் விடாமல் அடிக்கும். நாங்கள் படங்கைக் கட்டிக்கொண்டு, கம்பளியைக் கொங்காணி போட்டுக்கொண்டு நிரையில், செடி வரிசையில், நிற்போம். மூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்து நிரைக்காரியின் முகம் தெரியாது. கூடை தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. ஆனால் கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்கும். எனக்கு இடது பக்கம் நின்ற அக்கா இரண்டு கையாலும் சரசரவென்று எடுப்பார், நடுவில் ஒரு மூச்சு விடுவார், மறுபடி சரசர. வலது பக்கம் நின்றவள் புதிதாகப் பேர் பதிந்தவள், ஒவ்வொன்றாக ஒடிப்பாள். மட்டக் கம்பை எடுத்து அடுத்த செடிமேல் வைக்கிற சத்தமும் ஆளுக்கு ஆள் வேறு. சத்தத்தை வைத்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சத்தம் நின்றால் 'ஏன்டி, அட்டையா?' என்று கேட்போம். எங்களுக்கு நடுவில் ஒரு செடி அகலம் இடைவெளி. அதில்தான் காற்று புகுந்து போகும்.

கை கோத்து நடக்கிறவர்களுக்கு நடுவிலும் இடைவெளி இருக்கிறது என்று எழுதியவர், ஆட்களோடு ஆளாக நின்று அந்தக் காற்றை வாங்கியிருக்க வேண்டும். எனக்கு அந்த வரியில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது. நெருங்கி நின்றால் இடைவெளி போய்விடும் என்று அவர் சொல்லவில்லை.

'வேறெங்கே' என்பதையும் விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்துதான் மாத்தளைப் பக்கம் வந்து மலை ஏறினார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் மலைதான், வேறெங்கே போவது? 2023இல், வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு இந்த வரிதான் வாயில் வந்தது. தலைப்பை வாசித்துவிட்டு உல்லாசப் பயணம் என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. உங்கள் அம்மா கேட்ட கேள்வியோடு வாசித்தால் விளங்கும்.

லயத்தில் தனிமையே தெரியாது என்று எழுதியது நியாயமா? அங்கே வளர்ந்தவள் என்ற முறையில் கேட்கிறேன்.
— வாசகி, இராகலை

நியாயமில்லை. அந்த வசனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, சின்னத் திண்ணை மாதிரி. அடுப்பும் அங்கேதான், ஆடு கட்டினாலும் அங்கேதான். இரண்டு காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு பெண் பிள்ளை அழ வேண்டும் என்றால் இடம் கிடையாது. நான் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போவேன். குடத்தை வைத்துவிட்டு முகத்தைத் தண்ணீருக்கு நேரே நீட்டிக்கொண்டு அழுவேன். யாராவது வந்தால் முகம் கழுவுகிறாள் என்று நினைப்பார்கள். அங்கே எனக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் முகம் கழுவிய பெண்களையும் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று இப்போதுதான் விளங்குகிறது. தனியாக இருக்க முடியாத இடத்தில் தனிமை எப்படி இருக்கும் என்று நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறீர்கள்.

எல்லாரும் ஏன் கோட்டுப் போட்டிருக்கிறார்கள்?
— வாசகர், பண்டாரவளை

மூலத்தில் அது பின்பக்கம் வால் மாதிரித் தொங்குகிற விருந்துக் கோட்டு. மலை ஏற யாரும் அதைப் போட மாட்டார்கள். ஆய்வாளர்கள் எப்படி விளக்குகிறார்களோ, எனக்கு இது அப்பாவின் கோட்டு.

அப்பாவிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. ஹட்டன் சந்தையில் பழசாக வாங்கியது. தோள் அவருக்குப் பெரிது, கை நீளம். மாரியம்மன் திருவிழாவுக்குப் போடுவார். மற்றபடி பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்ட நாட்களில் போடுவார். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காரியாலய வாசலில் வரிசை. வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாருமே கோட்டுப் போட்டிருந்தார்கள். வெயில் ஏறிய பிறகும் ஒருவரும் கழற்றவில்லை. அப்பாவின் உள்பையில் கடதாசிகளை ஒரு பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்றவரும் அதே இடத்தைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அப்பாவிடம் கேட்டது இரண்டு கேள்வி. வெளியே வந்து, முன்னுக்கு நின்றவரோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்தார். அவர் மஸ்கெலியாக்காரர், அன்றுதான் பழக்கம். அடுத்த திருவிழாவுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், அதே கோட்டோடு.

சொந்த ஊர் பொகவந்தலாவ. மூன்று வருஷமாகப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைக்கு மேலே ஓர் அறையில் ஒன்பது பேர் படுக்கிறோம். எல்லாரும் நல்லவர்கள், சண்டை கிடையாது. ராத்திரி ஆளுக்கு ஆள் போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவோம். வீட்டுக்கு எடுத்தால் 'சாப்பிட்டியா, காசு அனுப்பினியா' என்பதோடு முடிந்துவிடும். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. சில ராத்திரி, நான் இருந்து என்ன என்று தோன்றும். நீங்கள் எழுதியதை வாசித்தபோது அந்த ஆள் நான்தான் என்று நினைத்தேன்.
— 23 வயது வாசகர், கொழும்பு

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதலில் கடைசி விஷயம். 'இருந்து என்ன' என்ற எண்ணம் அடிக்கடி வந்தாலோ, விடாமல் பிடித்துக்கொண்டாலோ, 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு டிஸ்பென்சரிக்குப் போவது மாதிரித்தான். இதை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது அந்த உரைநடைக்கு வருகிறேன். நீங்கள் அதில் உங்களைக் கண்டுபிடித்தது எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் முதல் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆள் தனக்கு ஆட்கள் இல்லை என்று சொல்லவில்லை. உதவுகிறவர் இல்லை என்கிறான். அது வேறு குறை. உங்கள் அறையில் எட்டுப் பேர் இருந்தும் உங்களுக்கு இருக்கிற குறை அதுதான். அப்புறம் அவன் என்ன செய்கிறான்? தன்னைக் காப்பாற்ற ஒரு பெரிய மனிதரைத் தேடிப் போகவில்லை. தன்னைப் போலவே யாருமல்லாதவர்களைக் கூட்டிச் சேர்க்கிறான், மனதுக்குள்தான் என்றாலும். உங்கள் அறையில் மற்ற எட்டுப் பேரின் முகத்திலும் போன் வெளிச்சம்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அவர்களையும் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு சின்ன உதவி கேளுங்கள். செய்து கொடுப்பதைச் சொல்லவில்லை, கேட்பதைச் சொல்கிறேன். இதை நான் பிந்தித்தான் படித்தேன். என் கணவர் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இருவரும் வெளியில். ஹட்டனில் டிக்கோயா வீதியில் சின்ன வீடு. ஓய்வூதியம் வருகிறது, வாக்கு இருக்கிறது, கதவுக்குப் பூட்டு இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு இல்லாதது எல்லாம் எனக்கு இருக்கிறது. முதல் வருஷம் நான் யாரோடும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். மரியாதையாக வந்தார்கள், மரியாதையாகப் போனார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் கேஸ் சிலிண்டர் முடிந்துவிட்டது. புதிய சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்ட என் விரலில் பலமில்லை. வாதம். இரண்டு நாள் தேத்தண்ணி இல்லாமல் பாணும் தண்ணீருமாக இருந்தேன். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டேன். சிங்களப் பிள்ளை. வந்தாள், 'டக்' என்று மாட்டினாள், அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தாள், தண்ணீரும் வைத்துவிட்டாள். 'இரண்டு நாளா என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?' என்று கோபப்பட்டாள். என்மேல் ஒருவர் கோபப்பட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. இப்போது அவள் கேட்டில் நின்று கூப்பிடாமல் நேரே குசினிக்கே வருகிறாள்.

உதவி கேட்பதைக் கடன் வாங்குவது மாதிரி நினைக்கும்படி நம்மை வளர்த்துவிட்டார்கள். யாரிடமும் கையேந்தாதே என்று அம்மா சொன்னது கடைக்காரரிடமும் கங்காணியிடமும் கையேந்துவதைப் பற்றி. பக்கத்துப் பாயில் படுக்கிறவனிடம் 'மச்சான், இந்தப் பட்டனைத் தைச்சுத் தர்றியா' என்று கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். இந்த இதழில் போட மாட்டேன். எனக்காக மட்டும் எழுதுங்கள், உங்கள் பெயரோடு.

தொண்டை திறந்த பிறகும் அவர்கள் ஏன் பாடவில்லை? அந்த இடத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
— வாசகர், பசறை

பாடியிருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். முதல் வரியில் ஓசையில்லாமல் கத்துகிறவன், கடைசி வரியில் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்பதற்காக வாய்விட்டுப் பாடிவிடுவானா? தொண்டை திறந்தது வரைக்கும்தான் அவருக்கு உறுதி. அதற்கு மேலே ஒரு வரி கூட அவர் எழுதவில்லை.

ஓசையில்லாமல் கத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 1973இல் அக்காவின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. அத்தானின் பெயரில் வந்தது, அக்காவும் போக வேண்டியதாயிற்று. எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டிகளோடு சனம். தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். எங்கள் சனம் அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்திருந்தது. பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரிதான். கிழவிகள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். கோச்சி நகர்ந்தது. அக்கா கைப்பிள்ளையோடு ஜன்னலில் இருந்தார். நான் கூடவே ஓடினேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கோச்சி வட்டவளைப் பக்கம் வளைந்து மறைகிற வரைக்கும் வாயைத் திறந்துகொண்டே நின்றேன். அப்போது எனக்கு 14 வயது.

அக்கா இப்போது நீலகிரியில், கூடலூர்ப் பக்கம். அங்கேயும் தேயிலைதான். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். அங்கே அக்காவை இன்னும் சிலோன்காரி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். போன ஞாயிறு, உங்கள் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த உரைநடையை முழுதும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், "பாடலைன்னு எப்படிச் சொல்றாங்க? காத்துக்கு எதுத்தாப்புல பாடினா பாடுறவளுக்கே கேக்காதே" என்றார்.

நிரையில் நின்றவர் சொல்கிறார், நான் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அக்கா, "அன்னைக்கு டேசன்ல ஓடி வந்துக்கிட்டே நீ என்னமோ கத்தினியே, கோச்சி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை. என்னடி சொன்னே?" என்று கேட்டார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கத்தியதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போயிட்டு வாக்கான்னுதான்" என்றேன்.